வீட்டிலேயே பதிவுசெய்யும் முதல் பவர் பாப் ஆல்பம்: பாட்டுத் தேர்விலிருந்து வெளியீடு வரை

ராக் இசையின் ஒரு வகையான பவர் பாப் காதுக்கு எளிதாக இருக்கும். மூன்று நிமிடப் பாட்டு, அடித்து ஆடும் கிட்டார், அதன்மேல் ஒருமுறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும் மெட்டு, திரும்பத் திரும்ப வரும் கோரஸில் அடுக்கடுக்காகக் குரல்கள். ஆனால் எழுதுவது, பாடுவது, வாசிப்பது, பதிவுசெய்வது எல்லாம் ஒரே ஆள் என்றால் இந்த எளிமை பெண்டை நிமிர்த்திவிடும். பாட்டில் ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. மெட்டு பளிச்சென்று முன்னால் நிற்பதால் சுருதி அரை முடி பிசகினாலும் தெரியும்.

இதில் திண்டாடி வெளியே வந்தவன் என்ற முறையில், யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்தவற்றை எழுதுகிறேன். உங்களுக்குக் கொஞ்சம் பாட்டு எழுதத் தெரியும், கிட்டார் வாசிக்கத் தெரியும், கணினியில் ஒரு பதிவு மென்பொருளைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆல்பத்தை இழுத்தடிப்பவை பெரும்பாலும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்த முடிவுகள்தான். அதனால் கடைசியில் செய்வார்கள் என்று நீங்கள் நினைக்கும் பல வேலைகள் இந்த வரிசையில் முன்னாலேயே வரும்.

1. பாட்டுகளையும் சுருதியையும் முடிவுசெய்யுங்கள்

பத்துப் பாட்டு, மொத்தம் 30 முதல் 35 நிமிடம். முதல் பவர் பாப் ஆல்பத்துக்கு இது தாராளம். இசைத்தட்டாகவும் போடும் எண்ணம் இருந்தால் இந்த அளவு இன்னும் நல்லது. 33 சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18, 20 நிமிடத்தைத் தாண்டினால் ஒலியின் அளவைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பாட்டையும் ஒரே ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு கைப்பேசியில் பதிவுசெய்து, ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். கோரஸ் எப்போது வருகிறது என்று நேரம் பாருங்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் முன்னிசையையோ இரண்டாம் வெர்ஸையோ (சரணத்தையோ) வெட்டுங்கள். வெட்ட மனம் வராத பாட்டை இந்த ஆல்பத்திலிருந்து எடுத்து அடுத்ததற்கு வையுங்கள்.

சுருதியை இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். தனி ஆளாகப் பதிவுசெய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. கோரஸின் உச்ச ஸ்வரம் உங்கள் குரல் எட்டுகிற கடைசி இடமாக இருந்தால், அதற்கு மேலே போக வேண்டிய துணைக்குரலான ஹார்மனியை யார் பாடுவது? குழுவாக இருந்தால் இன்னொருவர் பாடிவிடுவார். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. முதன்மைக் குரலுக்கு மேலே குறைந்தது இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு இடம் விட்டுச் சுருதியை இறக்குங்கள். பாட்டின் விறுவிறுப்பு குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அரைப்படி இறக்கியதால் கெட்ட பவர் பாப் பாட்டை நான் கேட்டதில்லை, எட்டாத ஹார்மனியால் கெட்டவற்றை நிறையக் கேட்டிருக்கிறேன்.

2. பாட்டுக்கு ஒரு பக்கம்: ஆவணக் கோப்பு

ஒலிப்பதிவு தொடங்குவதற்கு முன்பே ஒரு விரிதாள் திறந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் இவற்றை எழுதுங்கள்: தலைப்பு, வெளியாகப்போகும் அதே எழுத்துக்கூட்டலில். எழுதியவரின் சட்டப்பூர்வப் பெயர். யார் எந்தக் கருவி வாசித்தார்கள். வேகம், சுருதி. எங்கிருந்தாவது எடுத்த லூப் அல்லது ஒலித்துண்டு இருந்தால் அதன் பெயரும் உரிமத்தின் நகலும். கடைசியாகப் பாட்டு வரிகள்.

ஒரு பாட்டில் இரண்டு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதை நீங்கள் பதிவுசெய்த ஒலிவடிவம் இன்னொன்று. இரண்டுக்கும் பணம் வேறு வேறு வழியில் வரும், வேறு வேறு ஆட்களிடம் பதியவும் வேண்டும். நண்பர் ஒருவர் பிரிட்ஜுக்கு (பாட்டின் நடுவே வரும் மாறுபட்ட பகுதிக்கு) இரண்டு வரி சொன்னார் என்றால் படைப்பில் அவருக்குப் பங்கு உண்டா, எத்தனை விழுக்காடு என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கூலிக்கு வாசிக்க வருபவரிடமும் அப்படித்தான். இவ்வளவு தொகை, ஒலிப்பதிவில் உரிமை கோரமாட்டார், பெயர் இப்படி அச்சாகும் என்று மூன்று வரி போதும். பாட்டு வெளியான பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு கசக்கும்.

வேறொருவர் பாட்டை உங்கள் பாணியில் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் அதைப் பதிவுசெய்து வெளியிட அனுமதிக்கும் மெக்கானிக்கல் உரிமத்தையும் இப்போதே தேடத் தொடங்குங்கள். வரியை மாற்றினாலோ மொழிபெயர்த்தாலோ சாதாரண உரிமம் செல்லாது, உரிமையாளரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். முதல் ஆல்பத்தில் இந்தத் தலைவலியே வேண்டாம் என்பது என் கருத்து.

3. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

கையில் இருக்கும் தொகை எவ்வளவாக இருந்தாலும், கருவிகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இன்னொரு பங்கு அடுத்தவர் கைக்கு: டிரம்ஸ் வாசிப்பவர், ஒலிக்குக் கடைசி மெருகு போடும் மாஸ்டரிங் செய்பவர், அட்டை வரைபவர். மூன்றாவது பங்கைப் பதிவு முடியும்வரை தொடாதீர்கள். விநியோகக் கட்டணம், குறுந்தகடு அல்லது இசைத்தட்டு அச்சு, அஞ்சல் செலவு எல்லாம் அங்கிருந்துதான் போக வேண்டும். பெரும்பாலானோர் இந்த மூன்றாவது பங்கை ஒரு நல்ல மைக்குக்குக் கொடுத்துவிட்டு, முடிந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

கணக்கில் வராமல் தின்னும் சின்னச் செலவுகளையும் எழுதிவையுங்கள்: கிட்டார் கம்பிகள், கேபிள், மைக் தாங்கி, கூடுதல் ஹார்டு டிஸ்க்.

4. கருவிகள்

இதைச் சீக்கிரம் முடிக்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறார்கள். மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்க, இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று. கிட்டார் ஆம்புக்கும் சத்தமான குரலுக்கும் தாங்கும் டைனமிக் மைக் ஒன்று. குரலுக்கு, நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் ஒன்று, ஆனால் அறை எதிரொலித்தால் அதையும் தவிர்த்து டைனமிக்கிலேயே பாடலாம். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். மென்பொருள் எதுவானாலும் சரி. ரீப்பரோ கராஜ்பேண்டோ, கை பழகியதை மாற்றாதீர்கள்.

பதிவு அமைப்பு: 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். ஆல்பம் முழுக்க ஒரே எண். ஒலியின் உச்சம் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். 24 பிட்டில் சிவப்பு விளக்குவரை தள்ள வேண்டிய அவசியமே இல்லை. பாடும்போது உங்கள் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்டால் பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவை) 64 அல்லது 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், தடங்களைக் கலக்கும் மிக்ஸிங் நேரத்தில் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

5. வழிகாட்டித் தடமும் வேகமும்

வேகத்தைத் தட்டிக்காட்டும் கிளிக் டிராக்கை வைத்து, ஒரு கிட்டாரும் குரலுமாக முழுப் பாட்டையும் பாடிப் பதிவுசெய்யுங்கள். பின்னால் இது நீங்கிவிடும், ஆனாலும் ஏனோதானோவென்று பாடாதீர்கள். டிரம்ஸ் வாசிப்பவர் உங்கள் குரலில் இருக்கும் வேகத்தைத்தான் பிடித்துக்கொள்வார்.

வேகத்தை உட்கார்ந்துகொண்டு முடிவுசெய்யக் கூடாது. நின்றுகொண்டு, மேடையில் பாடுவதுபோல் பாடிப் பாருங்கள். உட்கார்ந்து எழுதிய பாட்டு நின்றால் நிமிடத்துக்கு நான்கைந்து அடி கூடக் கேட்கும். கோரஸில் மட்டும் ஓரிரு அடி ஏற்றுவதும் நன்றாக வேலைசெய்யும், கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் பாட்டு எழுந்து நிற்கும்.

6. டிரம்ஸ்

வீட்டில் டிரம்ஸ் வைக்க முடியாதவர்கள்தான் அதிகம். தொலைவிலிருந்து வாசித்து அனுப்பும் ஒருவரை அமர்த்துவது நல்ல வழி. அவருக்கு அனுப்ப வேண்டியவை: வழிகாட்டித் தடம், கிளிக், வேகம், பாட்டின் பகுதிகளைக் காட்டும் ஒரு பக்கக் குறிப்பு. எல்லாக் கோப்புகளும் நேரம் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும். அவரிடமிருந்து கேட்டு வாங்க வேண்டியவை: ஒவ்வொரு மைக்கும் தனித்தனி வேவ் கோப்பாக, 24 பிட்டில், எதிரொலி போன்ற எந்த ஒலி விளைவும் சேர்க்காமல். எத்தனை திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

நீங்களே நிஜ டிரம்ஸைப் பதிவுசெய்தால், மேலே வைக்கும் இரண்டு மைக்குகளும் ஸ்நேர் என்னும் சிறு டிரம்மின் நடுவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். ஒரு கயிற்றை ஸ்நேரின் நடுவில் பிடித்து முதல் மைக்வரை நீட்டி, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, அதே முடிச்சை இரண்டாவது மைக்குக்கும் காட்டி அளந்துகொள்ளுங்கள். அளவு மாறினால் ஸ்நேரின் ஒலி மெலிந்து, தூரத்தில் அடிப்பதுபோல் ஆகிவிடும்.

மென்பொருள் டிரம்ஸ்தான் என்றால் ஒவ்வொரு அடியின் வலுவையும் மாற்றுங்கள், காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டை முக்கியமாக. அதன்மேல் நிஜ டாம்பரினும் நிஜக் கைத்தட்டலும் பதிவுசெய்யுங்கள். மைக்கிலிருந்து சில அடி தள்ளி நின்று, இடம் மாறி மாறி நான்கைந்து முறை தட்டி அடுக்கினால் ஒரு கூட்டமே தட்டியதுபோல் கேட்கும். பாதி இயந்திரத்தனம் அதிலேயே போய்விடும்.

7. பாஸும் கிட்டாரும்

பாஸ் கிட்டாரை நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகிப் பதிவுசெய்யலாம். விரலால் அல்ல, பிக் என்னும் சிறு வில்லையால் வாசியுங்கள், இந்த இசைக்கு அந்த முனைதான் அழகு. முடிந்தால் கோரஸில் மூல ஸ்வரத்திலேயே நிற்காமல் குரலுக்கு எதிராக ஒரு சின்ன மெட்டு போகட்டும்.

கிட்டாரில் பதிவுக்கு முன் புதுக் கம்பி போட்டு, இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வாசித்த பிறகே தொடங்குங்கள். பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தி வாசித்தாலும் திறந்து வாசித்தாலும் ஸ்வரம் ஒத்துப்போகிறதா என்று ட்யூனரில் பாருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு முறை பதிவுசெய்வதற்கும், முன்னால் சுருதி சேருங்கள். ஒரே கிட்டாரைப் பல அடுக்காக வைக்கும்போது ஒவ்வொன்றும் துளித்துளி விலகியிருந்தால், எதைத் திருத்தினாலும் கோரஸ் கலங்கியே கேட்கும்.

தாளக் கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை முழுக்க இடதுபக்கமும் மற்றதை முழுக்க வலதுபக்கமும் வையுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். ஒரு பக்கம் திறந்த கார்டுகள் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பவை), இன்னொரு பக்கம் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ போட்டு அதே கார்டுகள் வேறு வடிவத்தில் என்றால் இன்னும் விரியும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கீழே வையுங்கள். தனியாகக் கேட்கும்போது போதாது என்று தோன்றும், நான்கு அடுக்கு சேர்ந்தபின் சரியாக இருக்கும்.

பன்னிரண்டு கம்பிக் கிட்டாரின் கலகலப்பு வேண்டும், ஆனால் கருவி இல்லை என்றால் நாஷ்வில் ட்யூனிங் கைகொடுக்கும். சாதாரண கிட்டாரில் தடித்த நான்கு கம்பிகளை எடுத்துவிட்டு மெல்லிய கம்பிகளைப் போட்டு, அதே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே வைப்பதுதான் அது. சாதாரண கிட்டார் ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம்.

8. குரல்: அதிக நாள் இங்கேதான்

நேரத்தில் பாதியைக் குரலுக்கு ஒதுக்குங்கள் என்றால் அதிகம்போலத் தோன்றும். ஆனால் இந்த இசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். அறை சட்டென்று அடங்கும். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவே மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்ட்டர்.

முதலில் முதன்மைக் குரல். நான்கைந்து டேக் முழுதாகப் பாடி, வரிவரியாக நல்லதைப் பொறுக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். அப்புறம் அதே மெட்டை இன்னொரு முறை அச்சாகப் பாடி அடியில் சன்னமாக வையுங்கள். அடுத்தது ஹார்மனி. மேலே மூன்றாம் ஸ்வரம், கீழே ஆறாம் ஸ்வரம் என்று தொடங்கி, கார்டோடு இடிக்கும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு குரல்வரியையும் இரண்டு முறை பாடி இடமும் வலமும் வைத்தால் கோரஸில் ஆறு குரல் ஆகிவிடும்.

ஆறு குரலும் சேர்ந்தவுடன் ஒன்று கேட்கும். "ஸ்", "ட்" என்று முடியும் சொற்கள் ஆறு இடத்தில் ஆறு முறை தெறிக்கும், உளுந்து கொட்டினாற்போல. இதைக் கணினியில் ஒவ்வொன்றாக நகர்த்தி ஒழுங்குசெய்ய நாள்கணக்காகும். அதைவிட, அடுக்குக் குரல்களைப் பாடும்போதே கடைசி மெய்யை விழுங்கிவிடுங்கள். முதன்மைக் குரல் மட்டும் அந்த "ஸ்"ஸைச் சொல்லட்டும். கேட்பவர் காதுக்கு ஆறு பேரும் சொன்னதாகவே இருக்கும். மூச்சுச் சத்தத்தையும் முதன்மைக் குரலில் மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றில் வெட்டிவிடுங்கள்.

சுருதி திருத்தும் மென்பொருளை எல்லா அடுக்குகளிலும் முழுக்கத் திருகாதீர்கள். ஆறு குரலும் கோடு போட்டதுபோல் நின்றால் ஒரே ஆள் பாடியது அப்பட்டமாகத் தெரியும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் மூன்று நகல்: இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

9. மிக்ஸிங்

உங்களுக்குப் பிடித்த, நன்றாகத் தெரிந்த இரண்டு பாட்டுகளை ஒப்பீட்டுக்கு மென்பொருளிலேயே போட்டு, உங்கள் மிக்ஸின் சத்தத்துக்கு அவற்றை இறக்கிவையுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். முதலில் குரல், ஸ்நேர், காலால் அடிக்கும் கிக் டிரம், பாஸ் நான்கையும் மட்டும் சமன்படுத்துங்கள். கிட்டார்களில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டுப் பிறகு சேருங்கள். அடிக்கடி மோனோவில் (இடதும் வலதும் ஒன்றாகச் சேர்த்து) கேளுங்கள். மோனோவில் கிட்டார் காணாமல்போனால் இரண்டு தடங்கள் ஒன்றையொன்று தின்கின்றன என்று பொருள்.

ஒரு பாட்டுக்கு இத்தனை திருத்தம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் முழு மிக்ஸோடு, குரல் இல்லாத வடிவத்தையும் எடுத்துவையுங்கள். படத்துக்கோ விளம்பரத்துக்கோ கேட்டு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

10. மாஸ்டரிங்

இதை மட்டும் வேறொருவரிடம் கொடுங்கள். தன் குரலையே மாதக்கணக்கில் கேட்ட காதுக்கு இனி எதுவும் புதிதாகப் படாது. அனுப்ப வேண்டியவை: 24 பிட் வேவ், மாஸ்டர் தடத்தில் உச்சத்தை அடக்கும் லிமிட்டர் இல்லாமல், உச்சத்தில் சில டெசிபெல் இடம் விட்டு. கூடவே பாட்டு வரிசையும் பாட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதும். பத்தையும் ஒன்றாக அனுப்புங்கள்.

ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன்செய்கிறது. அதற்காக உங்கள் மாஸ்டரும் அதே எண்ணில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சத்தமாக இருந்தால் அது இறக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒலியின் உண்மையான உச்சமான ட்ரூ பீக் மட்டும் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். குறுந்தகடு போடுவதாக இருந்தால் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அடிப்படையில் தட்டு அச்சடிக்க அனுப்பும் டிடிபி (DDP) கோப்பும், இசைத்தட்டுக்குத் தனி மாஸ்டரும் கேட்டு வாங்குங்கள்.

11. எண்கள், அட்டை, விநியோகம்

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து கொண்ட ஐஎஸ்ஆர்சி அடையாள எண் ஒன்று, ஆல்பம் முழுமைக்கும் யூபிசி எண் ஒன்று. பாட்டுகளை இணையச் சேவைகளுக்கு ஏற்றித் தரும் பெரும்பாலான விநியோக நிறுவனங்கள் இரண்டையும் தாங்களே தந்துவிடும். ஒரு பாட்டை முதலில் தனியாக வெளியிட்டு, பின்னர் அதே ஒலிப்பதிவை ஆல்பத்தில் சேர்க்கும்போது பழைய ஐஎஸ்ஆர்சியையே கொடுங்கள். புது எண் கொடுத்தால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை ஆல்பத்துக்கு வராமல் போகலாம். ரீமிக்ஸ் போல ஒலிப்பதிவே மாறியிருந்தால்தான் புது எண்.

விநியோக நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: நான் பணம் கட்டுவதை நிறுத்தினால் என் பாட்டுகள் என்ன ஆகும்? ஆண்டுச் சந்தா வாங்கும் இடங்களில் சந்தா நின்றால் பாட்டுகள் சேவைகளிலிருந்து நீக்கப்படக்கூடும். ஆல்பத்துக்கு ஒருமுறை மட்டும் வாங்கும் இடங்கள் வருமானத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். எப்போதாவது வெளியிடுபவருக்கு இரண்டாவது வகை நிம்மதி. நேரடியாக விற்க பேண்ட்கேம்ப் இருக்கிறது, டிஜிட்டல் விற்பனையில் அது 15 விழுக்காடு எடுத்துக்கொள்ளும், விற்பனை கூடினால் 10 ஆகும்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், ஆர்ஜிபி. அதில் இணைய முகவரி, விலை, சமூக ஊடகப் பெயர் எதுவும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்டையில் உள்ள பெயரும் தலைப்பும் படிவத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதற்கும் முன்னால் உங்கள் பெயரில் வேறு கலைஞர் இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் உங்கள் ஆல்பம் அவர் பக்கத்தில் போய் விழ வாய்ப்புண்டு.

12. வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

2015 முதல் உலகெங்கும் புது இசை வெளியாகும் நாள் வெள்ளிக்கிழமை. அதைப் பின்பற்றலாம், கட்டாயமில்லை. அந்த நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம் முன்னால் விநியோக நிறுவனத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால் வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பே அனுப்ப வேண்டும். வெளியான பாட்டை அனுப்ப முடியாது. மாஸ்டரிங்குக்கு அதற்கும் முன்னால் இரண்டு மூன்று வாரம். இசைத்தட்டு என்றால் சோதனைத் தட்டு வந்து, நீங்கள் கேட்டு ஒப்புதல் தந்து, பிறகு அச்சாகும்வரை மாதங்கள் ஆகும். மாஸ்டர் கையில் வராமல் எந்தத் தேதியையும் அறிவிக்காதீர்கள்.

படைப்பாளர் உரிமை அமைப்பு ஒன்றில் சேர்ந்து, பாட்டுகளை உங்கள் பெயரில் பதிவதும் வெளியீட்டுக்கு முன்பே நடக்கட்டும். விநியோக நிறுவனம் பொதுவாக ஒலிப்பதிவுக்கான பணத்தைத்தான் வாங்கித் தரும். எழுதியவருக்கு வர வேண்டிய பணத்துக்கு வழி வேறு.

காசு கொடுத்தால் இத்தனை ஆயிரம் கேட்பு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். போலிக் கேட்பு பிடிபட்டால் பாட்டே நீக்கப்படும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொட்ட பாட்டுக்கே ஒலிப்பதிவுப் பணம் உண்டு. அதை எட்ட அவசரப்பட்டுப் பலர் இந்தக் கண்ணியில் மாட்டுகிறார்கள்.

வெளியான அன்று காலை ஒவ்வொரு சேவையிலும் ஆல்பத்தைத் திறந்து வரிசை, எழுத்துக்கூட்டல், வாசித்தவர்கள் பெயர் எல்லாம் சரிதானா என்று பாருங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே விநியோக நிறுவனத்துக்கு எழுதுங்கள், திருத்தம் போய்ச்சேரச் சில நாள் ஆகும்.

அந்த வாரத்திலேயே இன்னொரு வேலை. ஒவ்வொரு பாட்டின் ஒவ்வொரு தடத்தையும் விளைவுகளோடு ஒருமுறை, விளைவுகள் இல்லாமல் ஒருமுறை, நேரம் பூஜ்யத்திலிருந்து வேவ் கோப்பாக எடுத்து, இரண்டாம் படியில் தொடங்கிய அந்த விரிதாளோடு ஒரே கோப்புறையில் போட்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றுங்கள். சில ஆண்டில் விளைவுகளைத் தரும் பிளக்-இன் மாறும், மென்பொருள் பழைய கோப்பைத் திறக்காது. வேவ் கோப்பு எங்கேயும் திறக்கும்.